வாங்கும் கைக்குக் கையெழுத்து எதற்கு?

எங்கள் தெருவின் கோடிவீட்டில் வசிக்கும் தலைமையாசிரியர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷங்கள் ஆகியும், யாராவது எழுதிய கடிதத்தில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தால் இன்றைக்கும் சிவப்பு மசிப் பேனாவைத் தேடுகிற சுபாவம் உள்ளவர். அவரை ஏமாற்றுவது சுலபம் என்று அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருவனும் சொல்லமாட்டான். அப்படிப்பட்டவர், சென்ற வருஷம் ஆடி மாதத்தில், தம் தகப்பனார் காலத்துத் தேக்குமர பீரோவை விற்றுவிடலாம் என்று எண்ணி, பேரனைக்கொண்டு அதைப் படம் பிடிக்கச் செய்து, பழைய சாமான்கள் விற்கும் இணையதளம் ஒன்றில் ஒன்பதாயிரம் ரூபாய் என்று விலை குறித்து வைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் போன் வந்தது. பேசியவன் தன்னை ராணுவ அதிகாரி என்றும், புதிதாக இந்தப் பக்கம் மாற்றலாகி வந்திருப்பதாகவும் சொன்னான்; பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற பேரம் எதையும் அவன் செய்யவில்லை.

“சார், பணத்தை இப்பவே போட்டுடறேன். ஆர்மி அக்கவுண்டிலிருந்து வர்றதாலே ஒரு சின்ன முறை இருக்கு. வாட்ஸ்அப்பிலே ஒரு கியூ.ஆர். அனுப்பறேன், ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க. முதல்லே அஞ்சு ரூபாய்க்குச் சோதனை பண்ணிப் பார்த்துடலாம்.”

படம் மனைவியின் போனுக்கு வந்தது. தலைமையாசிரியர் தம் போனால் அதை ஸ்கேன் செய்து, மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, நான்கு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஐந்து ரூபாய் போனது. போன மறு நிமிஷமே பத்து ரூபாய் வந்து விழுந்தது. ஆள் யோக்கியன்தான் என்று தோன்றிவிட்டது. அடுத்து வந்த படத்தின் தலைப்பில், ‘ரூ. 9,000 பெறுவதற்கு’ என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது; அதை ஸ்கேன் செய்தபோது அவருடைய போன் திரையில் இருந்த சொல்லோ ‘செலுத்து’ என்பது. இரண்டு சொற்களையும் அவர் படித்தார். படித்தும், பின் எண்ணைப் போட்டார். பணம் வரவில்லையே என்று கேட்டதற்கு, “சர்வர் கோளாறு சார், இன்னொரு தடவை போட்டீங்கன்னா ரெண்டும் சேர்ந்து வந்துடும்” என்று பதில் வந்தது. இன்னொரு தடவையும் போட்டார். பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. மறுநாள் காலையில் என்னைப் பார்த்தபோது, பணம் போனதைப் பற்றி அவர் அதிகமாகப் பேசவில்லை. “தம்பி, பணம் எனக்கு வரவேண்டியது. அதற்கு நான் ஏன் கையெழுத்துப் போட்டேன்?” என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், இணையவழிப் பண மோசடியின் சாஸ்திரம் முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பது தெரியவரும்.

அவருடைய கை ஏன் தயங்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் நம் தபாலாபீசில் இருக்கிறது. இந்திய தபால் இலாகா 1880-ஆம் ஆண்டில் மணியார்டர் முறையைத் தொடங்கியது முதல், பல தலைமுறைகளாக நம் ஜனங்கள் பணம் வாங்கிய விதம் ஒன்றே: தபால்காரர் திண்ணையில் வந்து உட்காருவார், படிவத்தை நீட்டுவார், வாங்குகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார், அதன் பிறகே நோட்டுகள் எண்ணப்படும். பென்ஷன் வாங்கினாலும் சம்பளம் வாங்கினாலும் வாங்குகிறவன் ஒப்பமிடவேண்டும் என்பது நம் எலும்பில் ஊறிய வழக்கம். யு.பி.ஐ. என்று சொல்லப்படும் புதிய முறை இந்த வழக்கத்தை ஓசைப்படாமல் தலைகீழாக மாற்றிவிட்டது. அதில் ஒப்பம் என்பது கொடுக்கிறவனுக்கு மட்டுமே உரியது. வாங்குகிறவன் போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாலும் பணம் வந்து சேர்ந்துவிடும். மோசக்காரன் இந்தப் புதிய யந்திரத்தின் அருகிலேயே போகவில்லை. தலைமையாசிரியரின் கையில் எழுபது வருஷமாகப் பதிந்திருந்த பழைய பழக்கத்தைத் தட்டி எழுப்பினான், அவ்வளவுதான்.

அந்த யந்திரம் வேலை செய்யும் முறையைச் சற்று நின்று பார்ப்பது உபயோகமாக இருக்கும். 2008-இல் ஸ்தாபிக்கப்பட்ட இந்தியத் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் 2016 ஏப்ரல் 11-ஆம் தேதி இந்த முறையை வெள்ளோட்டம் விட்டது. இதில் ஒருவருடைய அடையாளம் மூன்று இழைகளால் முறுக்கப்பட்டிருக்கிறது: பாங்கில் பதிவான சிம் கார்டு ஒன்று, அந்த சிம் செருகப்பட்டிருக்கும் போன் ஒன்று, போனுக்குச் சொந்தக்காரர் மனத்தில் மட்டும் இருக்கவேண்டிய நான்கு அல்லது ஆறு இலக்கமுள்ள பின் எண் ஒன்று. அந்த எண்ணை நாம் அழுத்தும்போதே அது போனுக்குள்ளேயே சங்கேத மொழியாக மாற்றப்பட்டு, நம் கணக்கு இருக்கும் பாங்குக்குப் போய்ச் சேருகிறது. இடையில் நிற்கும் கடைக்காரருக்கோ எதிர்த்தரப்பின் பாங்குக்கோ அது தெரிவதில்லை. பணம் கொடுக்கவும், நம் கையிருப்பைப் பார்க்கவும், மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள ஒருவருக்கு முன்கூட்டியே அனுமதி தரவும் அந்த எண் தேவைப்படும். சிறு தொகைகளை அந்த எண்ணே இல்லாமல் கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது; ஆனால் வாங்குவதற்கு அந்த எண்ணைக் கேட்கும் ஏற்பாடு எங்குமே கிடையாது. ஆகவே, பணம் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு பின் எண்ணைப் போடச் சொல்லுகிறவன், எந்த உடுப்பை அணிந்திருந்தாலும், எந்தப் பாஷையில் பேசினாலும், பணம் எடுக்க வந்தவனே.

கியூ.ஆர். என்னும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் பற்றியும் ஒரு பிரமை ஜனங்களிடையே இருக்கிறது. அதில் ஏதோ பாங்கின் முத்திரை பொதிந்திருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். 1994-ஆம் வருஷம் ஜப்பானில் டென்சோ கம்பெனியைச் சேர்ந்த மசாஹிரோ ஹாரா என்பவரும் அவருடைய சகாக்களும், மோட்டார் உதிரிபாகங்களைத் தொழிற்சாலையில் இனம் பிரித்து அறிவதற்காகக் கண்டுபிடித்த உபாயம் அது. மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும், கறுப்பும் வெள்ளையும் ஒன்று, ஒன்று, மூன்று, ஒன்று, ஒன்று என்ற விகிதத்தில் அமைந்திருக்கும். அச்சிட்ட காகிதங்களில் மிக அபூர்வமாகவே தென்படும் விகிதம் என்று தேடிப் பார்த்து அதை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ரீட், சாலமன் என்ற இருவர் 1960-இல் வகுத்த பிழை திருத்தும் கணித முறையும் அதற்குள் இருப்பதால், அதிகபட்சப் பாதுகாப்போடு அச்சிட்ட கட்டத்தில் சுமார் 30 சதவிகிதம் அழுக்காலோ கிழிசலாலோ கெட்டுப்போனாலும் காமிரா அதைப் படித்துவிடும். ஆனால் அந்தக் கணிதம் எழுத்துப் பிழையைத்தான் திருத்தும். எழுதியவன் மனத்தில் இருக்கும் வஞ்சகத்தைத் திருத்தாது. பண விஷயத்தில் அந்தக் கட்டம் செய்வதெல்லாம், இன்ன விலாசத்துக்கு இவ்வளவு தொகை என்று நாம் தட்டெழுத வேண்டியதை நமக்காக எழுதிக்கொடுப்பதுதான். கடைவாசலில் ஒட்டியிருக்கும் கட்டத்தின்மேல் இரவோடிரவாக வேறொருவன் தன் கட்டத்தை ஒட்டிவிட்டுப் போனால், இட்லிக்கடை அம்மாளுக்குச் சேரவேண்டிய காசு அவனுக்குப் போகும். கட்டத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிப்பதால் பயனில்லை. ஸ்கேன் செய்தபின் நம் திரையில் வரும் பெயரையும், ‘செலுத்து’ என்ற வினைச்சொல்லையும் படிக்கவேண்டும்.

ஒருவர் மற்றொருவரிடம் யு.பி.ஐ. வழியாக, ‘எனக்கு இவ்வளவு அனுப்பு’ என்று கோரிக்கை விடுக்கும் வசதி ஒன்று முன்பு இருந்தது. அந்தக் கோரிக்கையையே ‘உனக்கு வரும் பணம்’ என்று திரித்துச் சொல்லிப் பலரை மோசம் செய்ததனால், தனி மனிதர்களுக்கிடையே அந்த வசதியைக் கழகம் 2025 அக்டோபர் முதல் தேதியோடு நிறுத்திவிட்டது. ஒரு வாசலை அடைத்தாயிற்று. கியூ.ஆர். படமும் போலி இணைப்பும் என்ற மற்ற வாசல்கள் திறந்தே இருக்கின்றன. ஏனெனில் அவை யந்திரத்தின் வாசல்கள் அல்ல, மனித மனத்தின் வாசல்கள்.

மோசக்காரர்கள் மனத்தின் பக்கம் திரும்பியதற்குக் கணிதம் ஒரு காரணம். பாங்குகள் இன்று பிரயோகிக்கும் சங்கேத முறைகளில் மிகச் சாதாரணமான ஒன்றுக்குரிய சாவிகளின் எண்ணிக்கையே 39 இலக்கங்கள் கொண்டது. உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்று கூட்டி ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கச் சொன்னாலும், சூரியன் அணைந்து போவதற்குள் அந்த வேலை முடியாது. நான்கு இலக்கப் பின் எண்ணுக்குப் பத்தாயிரம் சாத்தியங்களே உண்டு என்றாலும், சில தடவை தவறாகப் போட்டால் பாங்கு கதவைச் சாத்திவிடும். பூட்டை உடைக்க முடியாதென்று கண்ட திருடனுக்கு மிச்சமிருப்பது ஒரே மார்க்கம்: வீட்டுக்காரனையே எழுப்பி, அவன் கையாலேயே கதவைத் திறக்கச் செய்வது. இது புதிய வித்தையும் அல்ல. பிரெஞ்சுத் துப்பறியும் நிபுணரான விடோக் தாம் எழுதிய நூல் ஒன்றில், சிறைக்கைதிகள் முன்பின் அறியாத பணக்காரர்களுக்குக் கடிதம் எழுதி, புதைத்து வைத்த புதையலில் பங்கு தருவதாக ஆசை காட்டி, அதை எடுக்க முதலில் கொஞ்சம் பணம் அனுப்பும்படி கேட்டதை விவரித்திருக்கிறார். 1849-இல் நியூயார்க் நகரத் தெருவில், நல்ல உடை உடுத்த வில்லியம் தாம்ஸன் என்பவன், முன்பின் தெரியாதவர்களிடம் சிநேகமாகப் பேசி, ‘நாளை வரையில் உங்கள் கடியாரத்தை என்னிடம் ஒப்புவிக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா?’ என்று கேட்டுக் கடியாரங்களை வாங்கிச் சென்றான். ஆங்கிலத்தில் ஏமாற்றுக்காரனை ‘நம்பிக்கை மனிதன்’ என்று அழைக்கும் வழக்கம் அவனிடமிருந்து பிறந்தது.

தாம்ஸன் நம்பிக்கையை மட்டும் கேட்டான். இன்றைய மோசக்காரன் அதனோடு பயத்தையும் அவசரத்தையும் சேர்த்துக் கலக்குகிறான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று பெயர் பெற்றுவிட்ட மோசடி இதற்கு உச்சமான உதாரணம். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை வஸ்து இருந்தது என்றோ, உங்கள் ஆதார் எண்ணைக்கொண்டு கறுப்புப் பணம் கைமாறியிருக்கிறது என்றோ ஒரு குரல் சொல்லும். சிறிது நேரத்தில் வீடியோவில் காக்கி உடுப்பும், பின்னால் ஒரு கொடியும், மேஜைமேல் கோப்புகளும் தோன்றும். காமிராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே போகக் கூடாது, வீட்டில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு பிறக்கும். கடைசியில், குற்றமற்றவர் என்று நிரூபிப்பதற்காக உங்கள் சேமிப்பு முழுவதையும் ‘சரிபார்க்கும் கணக்கு’ ஒன்றுக்கு மாற்றச் சொல்லுவார்கள். வீடியோவில் கைது செய்யும் அதிகாரம் இந்தியச் சட்டத்தில் எந்தப் போலீஸுக்கும், எந்த இலாகாவுக்கும் கிடையாது. பிரதம மந்திரியே 2024 அக்டோபர் 27-இல் தம் வானொலி உரையில் இதை எடுத்துச் சொல்லும்படி ஆயிற்று.

படித்த டாக்டர்களும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் இதில் சிக்குவதைக் கண்டு நாம் சிரிப்பதற்குமுன், யேல் சர்வகலாசாலையில் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய ஆராய்ச்சியை நினைத்துக்கொள்வது நல்லது. சாம்பல் நிற அங்கி அணிந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் அமைதியாக உத்தரவிட, அடுத்த அறையில் அலறுகிற மனிதனுக்கு மின்சார அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே பொத்தானை அழுத்தியவர்கள் சாதாரணக் குடிமக்கள். பிரசித்தமான ஒரு சோதனையில் 40 பேரில் 26 பேர், 450 வோல்ட் என்று குறித்திருந்த கடைசிப் பொத்தான் வரையில் போனார்கள். அலறல் நடிப்பு, மின்சாரம் பொய். கீழ்ப்படிதல் மட்டும் நிஜம். அதிகாரத்தின் குரலுக்கு நம் கை நம்மைக் கேளாமலே பணிகிறது. அதே சர்வகலாசாலையைச் சேர்ந்த ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருஷங்களாக நடத்திய ஆராய்ச்சிகள் இதன் உடற்கூற்றுக் காரணத்தையும் காட்டியிருக்கின்றன: கட்டுக்கு அடங்காத அச்சம் நேரும்போது மூளையில் பெருகும் சில ரசாயனங்கள், நெற்றிக்குப் பின்னால் இருந்து நிதானமாக ஆலோசிக்கும் பகுதியைத் தளர்த்திவிட்டு, பழக்கத்தாலும் அனிச்சையாலும் இயங்கும் பகுதிகளிடம் ஆட்சியை ஒப்படைத்துவிடுகின்றன. புலியைக் கண்டால் ஓடுவதற்கு அது உயர்ந்த ஏற்பாடு. பாங்குக் கணக்கைக் கையாளுவதற்கு அதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற கட்டளையின் அர்த்தமும் இப்பொழுது விளங்கும். நம் ஆலோசனைப் பகுதி தளர்ந்துவிட்ட வேளையில், பக்கத்து அறையில் இருக்கும் மருமகளின் ஆலோசனைப் பகுதி நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். அது குறுக்கே வந்துவிடக் கூடாதல்லவா?

பயத்துக்கு மசியாதவர்களுக்கு ஆசை என்ற தூண்டில் இருக்கிறது. அதை அவர்கள் வீசும் முறையில் ஒரு கணக்கும் இருக்கிறது. வீடியோ ஒன்றுக்கு விருப்பக்குறி இட்டால் நூற்றைம்பது ரூபாய் என்று ஒரு செய்தி வரும், பணமும் வரும். ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறாகத் திரும்பும், அதுவும் திரும்பும். தலைமையாசிரியரின் ஐந்து ரூபாய் பத்தாக வந்த கதைதான். பிறகு லட்சங்களைக் கட்டச் சொல்லி, அவற்றைத் திரும்ப எடுக்க ‘வரி’ கட்டச் சொல்லுவார்கள். கட்டியது வீணாகக் கூடாதே என்ற தவிப்பிலேயே மேலும் கட்டுவோம். கூத்து பிடிக்காவிட்டாலும் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசுக்காக விடிய விடிய உட்கார்ந்திருக்கும் மனோபாவம் அது. ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் 1985-இல் சோதனைகள் மூலம் இதை நிரூபித்தார்கள்.

சில மோசடிச் செய்திகள் ஏன் அவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கின்றன என்று பலர் வியப்பதுண்டு. மைக்ரோஸாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2012-இல் இதற்கு அளித்த விளக்கம் ரசமானது. பத்து லட்சம் பேருக்குச் செய்தி அனுப்புவதாகவும், அவர்களில் கடைசி வரையில் ஏமாறக்கூடியவர்கள் நூறு பேர் என்றும் வைத்துக்கொள்வோம். செய்தி அனுப்ப ஒருவனுக்குச் செலவு ஒன்றும் இல்லை. பதில் எழுதுகிறவர்களோடு நாள்கணக்கில் பேசுவதுதான் செலவு. செய்தி நம்பும்படி இருந்து பதினாயிரம் பேர் பதில் எழுதினால், பெரும்பாலோர் பாதியில் சந்தேகப்பட்டு விலகிவிடுவார்கள். அவர்களோடு பேசிய நேரமெல்லாம் திருடனுக்கு நஷ்டம். செய்தி அபத்தமாக இருந்தாலோ விவேகிகள் முதலிலேயே சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மிஞ்சுகிறவர்கள் அவனுக்கு வேண்டியவர்கள். ஆகவே அந்த அசட்டுத்தனம் ஒரு சல்லடை. இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு: அசட்டுச் செய்திகளைக் கண்டு சிரித்துப் பழகியவன், தன்னை ஒருவராலும் ஏமாற்ற முடியாது என்ற கர்வத்தை வளர்த்துக்கொள்கிறான், அவனுக்கென்று நெய்த வேறு வலை, அவனுடைய பெயரும் ஊரும் பாங்கும் பிழையில்லாமல் எழுதப்பட்டு, வேறொரு நாள் வந்து சேரும்.

வலைகளின் தினுசுகள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றையெல்லாம் பட்டியல் போடுவது கடல் அலைகளுக்குப் பெயர் வைப்பதற்குச் சமானம். ஆயினும் இரண்டொன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கலியாணப் பத்திரிகை என்றோ, போக்குவரத்து அபராதச் சீட்டு என்றோ வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடிந்தால், அது பத்திரிகையும் அன்று, சீட்டும் அன்று. நம் போனில் குடியேறி, நமக்கு வரும் ஓ.டி.பி.யைப் படித்து வெளியே அனுப்பக்கூடிய செயலி. உதவி செய்கிறேன் என்று திரையைப் பகிரும் செயலியைப் பதிவிறக்கச் சொல்லுகிறவனுக்கு நம் போனைக் காட்டுவது, சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு வீட்டைச் சுற்றிக்காட்டுவதற்கு ஒப்பாகும். இணைய விலாசத்தில் பூட்டுப் படம் இருந்தால் பத்திரம் என்ற எண்ணமும் தவறு. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே அதன் பொருள், மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்பதல்ல. இந்த மயக்கத்தைத் தவிர்க்கவே 2023-இல் குரோம் உலாவி அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. இந்திய பாங்குகளின் விலாசங்கள் ‘பேங்க் புள்ளி இன்’ என்று முடியவேண்டும் என ரிசர்வ் பாங்கு ஏற்பாடு செய்திருக்கிறது. பாங்குகள் கணக்கு விஷயமாக நம்மை அழைக்கும் போன் எண் 1600 என்று தொடங்கவேண்டும் என்பதும் அதன் உத்தரவு. ஆனால் அந்த எண்ணிலிருந்து அழைக்கும் உண்மையான சிப்பந்திகூட நம் பின் எண்ணையோ ஓ.டி.பி.யையோ கேட்கமாட்டார்.

இனி, பணம் போனபின் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். போன பணம் ஓரிடத்தில் தங்காது. சில நிமிஷங்களில் ஒரு கணக்கிலிருந்து நான்காகவும், நான்கிலிருந்து பதினாறாகவும் பிரிந்து, வெவ்வேறு ஊர்களில் இயந்திரங்களிலிருந்து நோட்டாக எடுக்கப்பட்டுவிடும். அந்தக் கணக்குகளின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும், மாதம் ஏதோ சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டுத் தங்கள் பாஸ்புக்கையும் சிம் கார்டையும் வாடகைக்குக் கொடுத்த மாணவர்களும் ஏழைகளுமே; வழக்கு வரும்போது முதலில் போலீஸ் வந்து நிற்பது அவர்கள் வாசலில்தான். பணம் ஓடும் வேகத்தைத் துரத்துவதற்கென்று ஏற்பட்டதுதான் 1930 என்ற தேசிய உதவி எண். அங்கே புகார் பதிவானதும், பணம் சென்ற பாங்குகளுக்கெல்லாம் செய்தி பறந்து, எந்தக் கணக்கில் பணம் இன்னும் நிற்கிறதோ அந்த இடத்தில் அது முடக்கப்படும். எனவே, முதல் ஒரு மணி நேரத்தில் சொல்லப்படும் புகாருக்கும் மறுநாள் சொல்லப்படும் புகாருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. வெட்கத்தினால் சொல்லாமல் இருப்பவர்கள் திருடனுக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தானமாகக் கொடுக்கிறார்கள்.

ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்த தர்மமும் இதையே வற்புறுத்துகிறது. பாங்கின் மேலும் வாடிக்கையாளர் மேலும் தவறில்லாமல் மூன்றாம் மனிதரால் பணம் களவு போயிருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது. ரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்ட அஜாக்கிரதையால் போனதென்றால், புகார் செய்யும் வரையில் போன பணம் அவருடைய நஷ்டம். புகார் செய்தபின் போவது பாங்கின் நஷ்டம். தலைமையாசிரியரைப் போலத் தம் கையாலேயே பின் எண்ணைப் போட்டுக் கொடுத்தவர்களின் நிலை இதனால் பரிதாபத்துக்குரியதாகிறது. யந்திரத்தின் கண்ணில் அது களவு அன்று, கொடை. பிரிட்டன் இந்த வேறுபாட்டைச் சற்று இளக்கி, 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுன் வரையில் பாங்குகள் திருப்பித் தரவேண்டும் என்று விதித்திருக்கிறது. வாடிக்கையாளனுக்குப் புத்தி சொல்லுவதோடு பாங்கின் கடமை முடிந்துவிடவில்லை என்ற அபிப்பிராயம் உலகத்தில் வளர்ந்துவருவதற்கு இது அடையாளம்.

இவ்வளவையும் அலசிப் பார்த்தால், ராணுவ அதிகாரி வேஷமும், காக்கி உடுப்பும், விருப்பக்குறிக்குக் கூலியும், கலியாணப் பத்திரிகையும் வெவ்வேறு நாடகங்களாகத் தோன்றினாலும், எல்லாவற்றிலும் ஒரு வசனம் மட்டும் மாறாமல் வருவது தெரியும்: ‘இப்பொழுதே.’ பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தது சும்மா அல்ல. உண்மையான பாங்கும், நிஜமான போலீஸும், யோக்கியமான வியாபாரியும் ஒரு நாள் காத்திருந்தால் அவர்களுக்குக் குடி முழுகிப் போய்விடாது. திருடனுக்கு மட்டும் காத்திருக்கக் கட்டுப்படியாகாது. ஏனெனில் பத்து நிமிஷம் கழிந்தால் பயம் தணிந்து, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஆலோசகர் தம் ஆசனத்துக்குத் திரும்பிவிடுவார், வீட்டுக்குள் பிள்ளையோ மருமகளோ வந்துவிடுவார்கள். ஆகவே, போனை வைத்துவிட்டு, பாங்குப் புத்தகத்திலோ கார்டின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணை நாமே அழைத்து விசாரிப்பதைவிடச் சிறந்த பரீட்சை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

தலைமையாசிரியரின் பேரன் அன்று மாலை கல்லூரியிலிருந்து திரும்பியதும் 1930-ஐ அழைத்தான்; பணம் போய் அப்பொழுது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. முதல் ஒன்பதாயிரம் போனது போனதுதான். இரண்டாவது ஒன்பதாயிரத்தில் ஒரு பகுதி ஏதோ ஒரு கணக்கில் அகப்பட்டு முடக்கப்பட்டது. சில மாதங்கள் அலைந்தபின் அது கைக்கு வந்தது. பீரோ இன்னும் அவர் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. போன வாரம் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. பாங்கிலிருந்து பேசுவதாகவும், இன்று இரவுக்குள் ஏதோ விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்றும் ஒரு குரல் பரபரத்தது. தலைமையாசிரியர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷம், தம்பி. விஷயத்தை விவரமாக ஒரு கடிதத்தில் எழுதித் தபாலில் போடுங்கள். படித்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.”

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு அழைப்புத் துண்டிக்கப்பட்டது. அவர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “பிழையில்லாமல் எழுதுவானா என்பது சந்தேகம்தான்” என்றார்.